குனிந்தவர் பார்க்க வேண்டியது

கேள்வி: பெரிய வியாழனன்று எங்கள் பங்குத்தந்தை பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுகிறார். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். விசுவாசத்தை வெளியே தெரியும்படி வாழ்வது என்றால் இதுதானா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: சடங்கை நான் குறை சொல்ல மாட்டேன். இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவியது அன்றைக்கு வீட்டு வேலைக்காரர் செய்கிற வேலை. பேதுருவுக்கே அது பொறுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு குருவானவர் ஜனங்களுக்கு முன்னால் முழங்காலிடுவது நல்லதுதான். ஆனால் நீங்கள் பாதம் என்றதும் என் மனசு வேலூருக்குப் போய்விட்டது. அங்கிருந்தே பதில் சொல்கிறேன்.

பால் பிராண்ட் என்று ஒரு அறுவை மருத்துவர். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியின் பிள்ளை. மருத்துவம் படிக்கும் முன் கட்டட வேலை கற்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று பலரும் நம்பிய காலம் அது. பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் முள் ஏறின காலோடு நடக்கிறார்கள், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ராத்திரி எலி கடித்தால்கூட விழிப்பு வருவதில்லை. ஒரு புண் ஆறுவதற்குள் இன்னொரு புண். விரல்கள் குறைந்துபோனது இப்படித்தான்.

மடங்கிப்போன கைகளை அறுவை செய்து திறந்தார். உலகம் அவரைக் கொண்டாடுவது அதற்காக. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் செருப்புக்குக் கொடுத்த நேரம். உள்ளங்காலைக் கையால் தொட்டுப் பார்ப்பார். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே புண் வரப்போகிறது என்று அர்த்தம். அப்புறம் செருப்புத் தைப்பவர்களோடு உட்கார்ந்து எந்த ரப்பர், எவ்வளவு மென்மை, பாரம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். ஆணி அடிக்கக் கூடாது, வலி தெரியாத காலில் அது இறங்கினாலும் தெரியாது. எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளும் வாங்கிப் போடுகிற மெத்தென்ற செருப்பு இந்த வேலையின் வழியில் வந்ததுதான்.

செருப்புத் தைப்பதையும் காலைத் தொடுவதையும் இழிவென்று சாதி சொல்லி வைத்திருக்கிற ஊரில் இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் விடாமல் எழுதி வருகிற சண்டை ஒன்று உண்டு: சாதி பார்த்து இரண்டாகப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள். தமிழ்நாட்டில் அவை இன்னும் இருக்கின்றன. கோபக் கடிதங்கள் வருகின்றன, வரட்டும். வியாழக்கிழமை யார் காலையும் கழுவுவோம், செத்தால் அவர் பக்கத்தில் படுக்க மாட்டோம் என்றால் அந்தக் கழுவலுக்கு என்ன மதிப்பு?

சரி, வெளியே தெரிவது பற்றிக் கேட்டீர்கள். அந்தச் செருப்பில் ஒரு சிக்கல் இருந்தது. பார்த்த உடனே இது தொழுநோயாளியின் செருப்பு என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அஞ்சியே பலர் போட மறுத்தார்கள். உதவியாகக் கொடுத்த பொருளே ஆளைக் காட்டிக்கொடுத்தது. நம் பங்குகளில் கிறிஸ்மஸ் சமயத்தில் நடப்பதும் இதுதான். சேலை வாங்கும் விதவையை மேடைக்கு அழைத்து, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி, படத்தை ஆண்டு மலரில் போடுகிறோம். கொடுத்தவர் பெயரை மின்விசிறி இறக்கையில் எழுதுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். விசிறிக்கு மானம் இல்லை. அந்த அம்மாளுக்கு உண்டு. 'உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது' என்ற வசனத்தை இதற்குத் துணைக்கு இழுப்பவர்கள் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்கட்டும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று அங்கே இருக்கிறது. இரண்டையும் சொன்னவர் ஒருவரே. என் வாசிப்பு இது: தெரிய வேண்டியது அந்த மனுஷன் புண் இல்லாமல் நடக்கிற நடை. யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்பது தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

இனி உங்கள் பன்னிரண்டு பேருக்கு வருவோம். அடுத்த வருஷம் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களாகப் பார்த்து உட்கார வையுங்கள். அவர்களுக்கும் காலில் உணர்ச்சி மங்கும், புண் வந்தது தெரியாமலேயே இருப்பார்கள், முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். குனிகிற பங்குத்தந்தை பாதத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தாமல் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கட்டும். வெடிப்போ கொப்புளமோ நிறமாற்றமோ இருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம், பூசை முடிந்தபின் தனியாகச் சொன்னால் போதும். உங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால், ஈஸ்டர் முடிந்த திங்கள்கிழமையே அவர்களில் ஒருவர் கூடப் போய் மருத்துவரிடம் காட்டட்டும். ஆட்டோ வாடகையைப் பங்குப் பேரவை கொடுக்கட்டும்.