பைபிள் படிக்க பட்ஜெட் டேப்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சபையில யாரு டேப் (டேப்லெட்) வாங்கினாலும் கடைசில அது என் மடிக்குத்தான் வந்து சேருது, ஆப் போட்டுக் குடுங்க, எழுத்தைப் பெருசாக்கிக் குடுங்க, திடீர்னு ஹேங் ஆகுது பாருங்கன்னு. அந்த அனுபவத்துல சொல்றேன், விக்கிறது என் வேலை இல்ல. என்ன படிப்பீங்க, யாரு படிக்கப் போறாங்கன்னு சொல்லிட்டுக் கேளுங்க, மொட்டையா "எது பெஸ்ட்"னு மட்டும் வேணாம்.

கேள்வி: அக்கா, எது பெஸ்ட்?

மேல ஒரு வரி எழுதியிருந்தேனே தம்பி.

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு கண்ணு கொஞ்சம் மங்கல். காலைல உக்காந்து வேதம் வாசிக்க மட்டும்தான். 8 இன்ச்சா 10 இன்ச்சா? 10 இன்ச் டேப் ஒண்ணு ரொம்ப சல்லிசா கிடைக்குது, வாங்கிடலாமா?

அப்பாவுக்கு 10 தான், ஆனா அந்த சல்லிசான 10 இன்ச்சோட ரெசொல்யூஷனை (ஸ்க்ரீன்ல எத்தனை ஒளிப்புள்ளி இருக்குன்னு) மொதல்ல பாருங்க. விலை கம்மியான 10.1 இன்ச் டேப்புல நெறையதுக்கு 1280x800 தான் குடுப்பாங்க, கணக்குப் போட்டா ஒரு இன்ச்சுக்கு 149 புள்ளிதான் வரும். அதே 1280x800 எட்டு இன்ச்சுல வந்தா 189, பரவால்ல. பத்து இன்ச்சுல 1920x1200 இருந்தா 224, அது நல்லாவே இருக்கும். இங்கிலீஷ் எழுத்துக்கு 149 கூட ஓடிடும், தமிழுக்கு ஓடாது. ணு, ஞ, ழு எல்லாம் சின்ன இடத்துல வளைஞ்சு நெளிஞ்சு வர்ற எழுத்து, மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி வேற மங்கிப்போய் எழுத்தோட ஒட்டிக்கும், "மன்னன்"ல எந்த ன-வுக்குப் புள்ளின்னு கண்ணைச் சுருக்கிப் பாக்கணும்.

கடையில டேப்பைக் கையில குடுத்தாங்கன்னா கேமராவைத் திறந்து பாக்காதீங்க. சங்கீதம் 119 திறங்க. 176 வசனம், பைபிள்லயே நீளமான அதிகாரம். எழுத்தை அப்பாவுக்கு வேணுங்கிற சைஸுக்கு ஏத்திட்டு விரலால சர்ருன்னு கீழ வரைக்கும் தள்ளுங்க. திக்கித் திக்கிப் போனா வெச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் டேப்பைச் சாய்ச்சுப் பாருங்க, பக்கவாட்டுல பாத்தா கலர் வெளுத்துப் போச்சுன்னா அது ஐபிஎஸ் டிஸ்ப்ளே (எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் கலர் மாறாத வகை) இல்ல, மடியில வெச்சு வாசிக்கிறவங்களுக்கு அது தொல்லை.

இன்னொண்ணு, அப்பா டேப்புல வாட்ஸப் போடாதீங்க. இதை இன்னிக்கு இன்னும் நாலு தடவை சொல்லுவேன்.

கேள்வி: 8 ஜிபி ரேம்னு போட்டிருக்கு, அந்த விலைக்கு நம்பவே முடியல, எடுத்துடட்டுமா?

பக்கத்துல சின்ன எழுத்துல 4+4னு போட்டிருப்பான் பாருங்க. அந்த ரெண்டாவது 4 ரேமே இல்ல, ஸ்டோரேஜ்ல ஒரு ஓரத்தைக் கடன் வாங்கி ரேம்னு பேர் வெச்சது, நிஜ ரேம் மாதிரி வேகம் வராது. நிஜமா 4 ஜிபி, ஸ்டோரேஜ் 64 இருந்தா பைபிள் படிக்க தாராளம். மொத்த தமிழ் பைபிளும் எழுத்தா மட்டும் வெச்சா ரெண்டு மூணு போட்டோ அளவுதான் வரும். இடத்தைத் தின்றது ஆடியோ பைபிள், அதுவே சுமாரான குவாலிட்டில ரெண்டு ஜிபிக்குள்ள அடங்கிடும்.

கேள்வி: ஊழியத்துக்குப் போற எடத்துல நெட் இருக்காது. எல்லா பைபிள் ஆப்பும் நெட் இல்லாம ஓடுமா?

ஓடாது. யூவெர்ஷன் ஆப்ல சில மொழிபெயர்ப்பை டவுன்லோட் பண்ண விடுவாங்க, சிலதை விடமாட்டாங்க, அது உரிமை வெச்சிருக்கிறவங்க குடுத்த அனுமதியைப் பொறுத்தது. மைஸ்வோர்ட், ஆண்ட்பைபிள் ரெண்டும் மாட்யூலை (பைபிள் இருக்கிற ஃபைலை) எறக்கி டேப்புக்குள்ளயே வெச்சுக்கிற ஜாதி. எதுவா இருந்தாலும் வீட்டுலயே ஏரோப்ளேன் மோட் போட்டு, ஆப்பை முழுசா மூடித் திறந்து, ஆபகூக் மாதிரி நீங்க அடிக்கடி போகாத ஒரு புஸ்தகத்தைத் தட்டிப் பாருங்க. யோவான் 3 திறந்து பாத்துட்டு ஓடுதுன்னு நம்பிக் கெளம்பாதீங்க, ஏற்கெனவே திறந்த பக்கம் உள்ள தங்கியிருக்கும்.

கேள்வி: வெறும் வாசிப்பு இல்ல அக்கா, ஸ்டடி பண்ணணும். ஸ்ட்ராங் நம்பர் எல்லாம் தமிழ்ல கிடைக்குமா? அதுக்கு எந்த மாதிரி டேப்?

வாங்க, இதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி. ஸ்ட்ராங்னு சொல்றது ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890ல போட்ட ஒத்துவாக்கிய அகராதி, கிங் ஜேம்ஸ்ங்கிற பழைய இங்கிலீஷ் பைபிள்ல வர்ற ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாடி இருக்கிற எபிரெய, கிரேக்க சொல்லுக்கு ஒரு நம்பர். அதனால நம்பர் ஒட்டியிருக்கிறது இங்கிலீஷ்ல. நம்ம தமிழ் பைபிளை அதோட பக்கத்துல வெச்சுப் படிக்கணும், அதுக்குத்தான் ஸ்க்ரீன் ரெண்டா பிரியணும், அதுக்குத்தான் 10 இன்ச்.

ஒரு தடவை செஞ்சு பாருங்க. மேல தமிழ், கீழ கிங் ஜேம்ஸ், யோவான் 21:15-17 திறங்க. என்மேல அன்பா இருக்கியான்னு இயேசு பேதுருவைக் கேக்கிறாரு, இங்கிலீஷ்ல மூணு தடவையும் "lovest"ங்கிற ஒரே சொல்தான். நம்பரைத் தட்டினா மொத ரெண்டு தடவை அவர் கேக்கிறது 25, அகபாவோங்கிற கிரேக்க சொல். மூணாவது தடவை 5368, ஃபிலேயோ. பேதுரு மூணு தடவையும் 5368லயே பதில் சொல்றான். இப்போ மேல தமிழைப் பாருங்க, "அன்பாயிருக்கிறாயா", "அன்பாயிருக்கிறாயா", மூணாவதுக்கு "நேசிக்கிறாயா". இங்கிலீஷ்ல காணாமப் போன வித்தியாசத்தை நம்ம பழைய மொழிபெயர்ப்பு (பைபிள் சொசைட்டியோட பழைய தமிழ் பைபிள்) அப்படியே புடிச்சு வெச்சிருக்கு. மொத தடவை பாத்தப்போ டேப்பைக் கீழ வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். ஆனா இந்த நம்பரை மட்டும் வெச்சு ஒரு முழு பிரசங்கத்தைக் கட்டிடாதீங்க, யோவான் ரெண்டு சொல்லையும் ஒரே அர்த்தத்துலதான் மாத்தி மாத்தி எழுதினார்னு சொல்ற அறிஞர்கள் நெறைய பேர் இருக்காங்க.

தமிழ்ல தேடறதுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கு. "அன்பு"ன்னு முழுசா அடிச்சா "அன்பாயிருக்கிறாயா" மாட்டாது, வால் மாறிடுது. "அன்ப"ன்னு நிறுத்துங்க, சொல்லோட நடுவுலயும் தேடற ஆப்பா இருந்தா ரெண்டும் வரும். அதே மாதிரி "வசனம்" வேணாம், "வசன".

கேள்வி: 6 ஜிபி ரேம், அதுல 3+3ன்னு...

மேல பாருங்க.

கேள்வி: பழைய வேத விளக்க புஸ்தகம் பிடிஎஃப்பா இருக்கு, டேப்புல தேடினா ஒண்ணுமே வரல. டேப் கோளாறா?

டேப் பாவம். ஒரு வரியை காப்பி பண்ணி மெசேஜ் அடிக்கிற எடத்துல ஒட்டுங்க. இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கன்னாபின்னான்னு விழுந்தா அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட், யூனிகோட் (இப்போ ஃபோன், டேப் எல்லாம் புரிஞ்சுக்கிற எழுத்து முறை) இல்ல. காப்பியே ஆகலன்னா ஸ்கேன் பண்ண படம். எவ்ளோ வெல டேப் வாங்கினாலும் ரெண்டுலயும் அப்படியே தமிழ்ல அடிச்சுத் தேட முடியாது.

கேள்வி: கிண்டில் வாங்கலாமா? கண்ணுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே.

கதை மாதிரி மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசிக்க அருமை, வெயில்லயும் படிக்கலாம், வாட்ஸப் கெடையாது (எனக்கு அதுவே போதும்). ஆனா பைபிள் ஆப் எதுவும் போட முடியாது, ஒத்துவாக்கியம் பாக்க ஏசாயாவுக்குத் தாவி மறுபடி மத்தேயுவுக்கு வரதுக்குள்ள எதுக்குப் போனோம்கிறதே மறந்துடும்.

கேள்வி: கேக்கிறேன்னு கோச்சுக்காதீங்கம்மா. எனக்கு வயசு அறுபத்தெட்டு. வேதப்புஸ்தகம்னா கையில கனமா இருக்கணும். எந்த வசனம் எந்தப் பக்கம், இடது பத்தியா வலது பத்தியான்னு கண்ணுல நிக்கும். இந்தக் கண்ணாடிப் பலகையில என்ன நிக்கும்?

கோவமே இல்ல ஐயா. நீங்க சொல்றதுல பாதி நானும் ஒத்துக்கிறேன். மனப்பாடத்துக்கு நானும் புஸ்தகம்தான் எடுப்பேன், டேப்புல எழுத்து சைஸை மாத்தினா வசனம் எடம் மாறிடுது, கண்ணுக்குப் புடிமானம் இல்ல.

(அதுக்கு இன்னொருத்தர்: எங்க பாட்டி பார்வை கொறஞ்சு பைபிளை மூடி வெச்சு மூணு வருஷம் ஆச்சு. டேப்புல விரல் அளவுக்கு எழுத்து வெச்சுக் குடுத்தோம், திரும்ப வாசிக்கிறாங்க. அதைக் கொறை சொல்லாதீங்க.)

(ஐயா: கொறை சொல்லல தம்பி, வேதம்னா புஸ்தகம், அவ்வளவுதான்.)

அது வரைக்கும் சரி ஐயா, "வேதம்னா புஸ்தகம்" சொன்னீங்க பாருங்க, அங்கதான் நான் நிக்கறேன். லூக்கா 4 எடுங்க. ஜெப ஆலயத்துல இயேசு ஏசாயாவை வாசிச்சு முடிச்சுட்டு "புஸ்தகத்தைச் சுருட்டி" குடுத்தார்னு இருக்கு. சுருட்டினாரு, மூடல. அது தோல்சுருள். நீங்க சொல்ற பக்கம் புரட்டற புஸ்தகம் அப்புறம் வந்தது. வசன நம்பரே புதிய ஏற்பாட்டுக்கு ராபர்ட் எஸ்டியேன்ங்கிற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551ல போட்டதுதான். பவுல் கொரிந்தியருக்குக் கடிதம் எழுதறப்போ இது 13ம் அதிகாரம்னு நெனச்சு எழுதல.

(ஐயா: சுருளும் கையிலதானம்மா இருந்துச்சு. சார்ஜ் போட வேண்டியதில்லையே.)

அந்தப் பாயிண்ட் உங்களுக்கே ஐயா.

(மூணாமவர்: சபையில டேப் திறக்கிறவங்கள்ல பாதிப் பேர் பைபிள்ல இல்ல, வேற எதுலயோ இருக்காங்க.)

வாட்ஸப். நான் சொன்னா யாரு கேக்கிறீங்க. சிம் ஸ்லாட் இல்லாத வெறும் வைஃபை டேப்பா வாங்குங்க, வெலையும் கொறையும்.

கேள்வி: நாங்க கத்தோலிக்கர். சொன்ன ஆப் எல்லாம் எங்களுக்கும் ஒத்து வருமா?

டேப் ஒண்ணுதான், ஆப்ல மட்டும் திருவிவிலியம் இருக்கான்னு பாருங்க. புஸ்தக லிஸ்ட்டைத் திறந்து தோபித்து, யூதித்து, சீராக் இருக்கான்னு தேடுங்க, இருந்தா 73, இல்லன்னா 66. அதுக்கு மேல உங்க பங்குல இதைத் தெரிஞ்சவங்களைக் கேளுங்க, நான் புழங்கினது பழைய மொழிபெயர்ப்புலதான்.

கேள்வி: பேனா வெச்சு குறிப்பு எழுத முடியுமா?

பட்ஜெட் டேப்புல பெரும்பாலும் ரப்பர் முனை பேனாதான் வேலை செய்யும், உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். நோட்டுல எழுதுங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா அக்கா?

வாங்கலாம், மூணு விஷயம் பாருங்க. ஆண்ட்ராய்டு ரொம்பப் பழசுன்னா ஆப் எறங்காது, அதனால உங்களுக்கு வேணுங்கிற ஆப்பை அங்கயே எறக்கிப் பாருங்க. பேட்டரி அரை மணி நேரத்துல எவ்ளோ எறங்குதுன்னு நின்னு பாருங்க. முக்கியமா, வித்தவங்க அவங்க கூகுள் அக்கவுண்ட்டை எடுத்துட்டாங்களான்னு அவங்களை எதுக்க வெச்சே பாருங்க. எடுக்காம ரெக்கவரில போய் ரீசெட் போட்டா பழைய ஆளோட பாஸ்வேர்டைக் கேட்டு அப்படியே நிக்கும். எங்க சபையில ஒருத்தர் அப்படி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து என் மேசையில வெச்சாரு, வித்தவர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப், மூணு மாசமா அது அங்கயே இருக்கு.

இன்னும் அஞ்சு கேள்வி இருக்கு, நாலு ரேம் பத்தி. அஞ்சாவது "எது பெஸ்ட்". நான் போய் அந்த மேசை டேப்பைத் தொடைக்கிறேன்.