கும்பகோணம் பக்கம் பேச்சு, கச்சேரி, நாடகம் எல்லாம் எங்கே நடக்கிறது?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணம் வந்திருக்கிறார். சபா இல்லை, உருப்படியான அரங்கம் இல்லை, சனி ஞாயிறு எங்கேதான் போவது என்று கேட்கிறார். நான் தஞ்சாவூர்க்காரன், பாதி நாள் கும்பகோணத்தில்தான் இருப்பேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் அந்த சனி ஞாயிறு கணக்கை விட்டுவிடுங்கள். இங்கே பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் திதியும் நட்சத்திரமும் பார்த்து வருபவை, அது புதன்கிழமையில் விழுந்தால் புதன்கிழமைதான். ராஜராஜன் சதய விழா ஐப்பசி சதயத்தில். பெரிய கோயிலில் திருமுறை ஓதுவது, கருத்தரங்கம், பட்டிமன்றம், நாட்டியம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மகா சிவராத்திரியை ஒட்டித் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று வரிசையாக நாட்டியாஞ்சலி. திருவையாறு ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி, தியாகராஜர் 1847-இல் சமாதியடைந்த திதி, பெரும்பாலும் ஜனவரியில் வரும்.

திருவையாற்றுக்கு ஒரு தடவையாவது தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் பாடும் காலையில் போங்கள். வித்வான்கள் எதிரெதிர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், நாட்டை ராகத்தில் தொடங்கி கௌளை, ஆரபி, வராளி, கடைசியில் ஸ்ரீ. சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கூடவே பாடுவார்கள், சுருதி சேராதவர்களும் உண்டு, யாரும் முறைக்க மாட்டார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும்போது முன்வரிசைப் பட்டுப்புடவைதான் தெரியும், இதெல்லாம் தெரியாது. அங்கே தியாகராஜர் சமாதிக் கோயிலைத் தன் சொத்தைப் போட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், அப்போது பெண்களை அங்கே பாடவே விடமாட்டார்கள், அவர் பெண்களைத் தனியாகச் சேர்த்துப் பாட வைத்தார். அவர் சமாதியும் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். மற்ற நேரக் கச்சேரிகளில் ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், ராகம் விரிவாகக் கேட்க வேண்டும் என்றால் அதற்கு இது இடமில்லை.

என்னைக் கேட்டால் அதைவிட ஒரு படி மேலே தஞ்சாவூர் பக்கத்துக் கிராமமான மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம். நரசிம்ம ஜயந்தி அன்று, மே மாத வாக்கில், வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் ராத்திரி முழுக்கப் பிரகலாத சரித்திரம். வேடம் கட்டுபவர்கள் எல்லாரும் ஆண்கள், பெண் வேடமும் அவர்கள்தான். பாட்டும் வசனமும் தெலுங்கு, ஆனால் கதை தெரிந்ததுதானே, ஒன்றும் சிரமமில்லை. முதலில் கோணங்கி என்ற கோமாளி வந்து குதித்துவிட்டுப் போவான், அப்புறம் யானை முகமூடி போட்ட ஒரு சின்னப் பையன் பிள்ளையாராக வருவான், நரசிம்மர் வர விடியற்காலை ஆகிவிடும். அந்த நரசிம்ம முகமூடிக்குக் கோயிலில் பூஜை உண்டு, அதைக் கட்டுகிறவர் விரதம் இருப்பார். நாடகம் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினால் அங்கே பாதிப் பேர் சாமி கும்பிட வந்திருப்பார்கள்.

கிராமத்து நாடகங்கள், வள்ளி திருமணம், அரிச்சந்திரன் எல்லாம், பங்குனியிலிருந்து வைகாசி வரைதான் அதிகம். சம்பா அறுத்து முடித்துக் கையில் காசு இருக்கும், மேட்டூரில் தண்ணீர் திறக்க ஜூன் 12 வரை பொழுதும் இருக்கும். நடவு நேரத்தில் தேடினால் கிடைக்காது.

சரி, பேச்சுக்கு வருவோம். தஞ்சாவூரில் 1911-இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, தென்னகப் பண்பாட்டு மையமும் அங்கேதான், அவர்கள் பிற மாநிலக் கலைஞர்களையும் கூட்டி வருவார்கள். மற்றபடி இலக்கியக் கூட்டம், புத்தக வெளியீடு எல்லாம் நூலகத்து மாடியிலோ ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்திலோதான் நடக்கும். அரங்கம் காணோம் என்று நீங்கள் சொல்வது அதனால்தான். நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று மூலையில் நாலு வரி போடுவார்கள், நூலகத்து அறிவிப்புப் பலகையையும் பாருங்கள். ஒரு கூட்டத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கைபேசி எண்ணை எழுதினால் போதும், அப்புறம் வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்துகொண்டே இருக்கும், நிறுத்தச் சொன்னாலும் நிற்காது.

அந்த அழைப்பிதழைப் படிக்கத் தெரிய வேண்டும். மாலை ஆறு மணி என்று போட்டிருக்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை ஏழு பேர், வாழ்த்துரை ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் புகைப்படம். நீங்கள் கேட்கப் போனவர் பெயர் "சிறப்புரை" என்று கடைசியில், நன்றியுரைக்கு மேலே இருக்கும். அவர் மைக்கைப் பிடிக்க ஏழரை ஆகும், அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். வாழ்த்துரை ஐந்துக்கு மேல் இருந்தால் நான் ஏழு மணிக்குத்தான் வீட்டை விட்டே கிளம்புவேன். சின்ன வாசகர் வட்டக் கூட்டங்களில் இந்தத் தொல்லை குறைவு, இருபது பேர் உட்கார்ந்து உண்மையிலேயே புத்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள், புதிதாக வந்தவரையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள்.

வீட்டில் பெண்களும் வயதானவர்களும் வருவதாக இருந்தால் கழிப்பறை இருக்கிறதா என்று முன்னாலேயே விசாரித்துவிடுங்கள், பல இடங்களில் இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். மெலட்டூருக்கு ராத்திரியில் பஸ்ஸை நம்ப வேண்டாம், சொந்த வண்டியோ வாடகைக் காரோ வைத்துக்கொள்ளுங்கள், உட்கார ஒரு ஜமக்காளமும் எடுத்துப் போங்கள்.