பதின்ம வயதுத் தாய்மையைச் சொல்லும் இளையோர் புனைகதை என்றால் என்ன? அது ஏன் சுயமரியாதையில் போய் நிற்கிறது?

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான வாசகருக்காக, அந்த வயதுக்காரரின் கண்ணால் சொல்லப்படும் கதைதான் இளையோர் புனைகதை. அந்த வயதிலேயே தாயாகிவிட்ட பெண்ணின் கதை அதில் ஒரு வகை.

இலங்கையில் பொதுச் சட்டப்படி திருமண வயது 1995 முதல் 18. யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதளவில் ஓ/எல் பொதுப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை தாயானால், சட்டத்துக்கு முன்பே ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். அம்மம்மா பத்தியக் கறி வைப்பார், அம்மா வேலிப் படலையைச் சாத்துவார். அவளிடம் மட்டும் ஒருவரும் எதையும் கேட்பதில்லை. கதைக்கு வேலை இருப்பது இங்கேதான். கிளினிக்கில் மிட்வைஃப் கேட்கும் கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்கிறார். ஒருநாள், “நான் சொல்லுறன்” என்று அவளே அம்மாவின் கையிலிருந்து கிளினிக் கொப்பியை வாங்குகிறாள். அவளுடைய சுயமரியாதை தொடங்குவது அங்கேதான். பெரிய வசனம் பேசும் காட்சியைவிட எனக்கு இது பிடிக்கும்.

வேலிக்கு நடும் பூவரசங் கதியாலைப் பாருங்கள். வெட்டிய தடி, பட்டுப்போனது மாதிரித்தான் நிற்கும். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்த்தால் போச்சு. பிறகு ஒருநாள் துளிர் தெரியும். சுயமரியாதையும் அப்படி மெல்லத்தான் வரும். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று வந்தால் நம்பமுடியாது.

‘இதைப் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்பார்கள். சரி, இரவு மூன்று மணிக்கு அழும் குழந்தையோடு தனியே விழித்திருக்கும் பதினாறு வயதுப் பெண்ணைப் படித்து யாருக்கு அந்த வயதில் தாயாகும் ஆசை வரும்?