பகடைக்கு ஒரு டைஸ், பட்டறைக்கு ஒரு டைஸ்

கேள்வி: ஒரு பகடையை ஆங்கிலத்தில் 'டை' என்றுதான் சொல்ல வேண்டும், 'டைஸ்' பன்மை என்று என் மகளின் ஆசிரியை திருத்துகிறார். கடையில் ஒற்றைப் பகடை வாங்கினாலும் அட்டையில் 'டைஸ்' என்றுதான் போட்டிருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனரோ, 'டை'க்குப் பன்மை எப்போதுமே எஸ் சேர்த்து எழுதுவதுதான் என்று அடித்துச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கோவை

பதில்: மூன்று தரப்புமே சரி. மைத்துனரின் அந்த 'எப்போதுமே' மட்டும் தவறு.

டி-ஐ-ஈ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பன்மை இரண்டு. உருட்டி விளையாடும் பகடை என்றால் டி-ஐ-சி-ஈ. உலோகத்தை அழுத்தியோ வெட்டியோ வடிவம் கொடுக்கும் அச்சு என்றால் டி-ஐ-ஈ-எஸ். தமிழில் எழுதினால் இரண்டும் 'டைஸ்' ஆகிவிடுவதால்தான் உங்கள் வீட்டில் இந்தப் பஞ்சாயத்து. உச்சரிப்பு வேறு. பகடையின் கடைசி ஒலி 'ஐஸ்' என்பதில் வருவதுபோல வெறும் காற்று. அச்சினுடையது வண்டு ரீங்காரம்போல அதிரும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பகடையைக் குறிக்கும் 'டை' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பன்மைக்குச் சேர்ந்த எஸ் அதிராமலே நின்றுவிட்டது. அதைக் காட்டத்தான் சி-ஈ என்று எழுதினார்கள். 'பென்னி' என்ற காசின் பன்மை 'பென்ஸ்' ஆனதும் இப்படித்தான். எலிகளைக் குறிக்கும் 'மைஸ்' பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேறு குடும்பம். அங்கே மாறியது நடுவில் உள்ள உயிர்.

அடுத்தது அந்த அட்டை. பிரிட்டனில் இன்று ஒற்றைப் பகடைக்கும் 'டைஸ்' என்பதே பெருவழக்கு, அகராதிகளும் இடம் கொடுத்துவிட்டன. அமெரிக்காவிலும் கணக்குப் புத்தகங்களிலும் 'டை' இன்னும் நிற்கிறது. நம் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தின் ஆங்கில வழிப் புத்தகமும் ஒன்றுக்கு 'டை', இரண்டுக்கு 'டைஸ்' என்றே எழுதுகிறது. ஆகவே ஆசிரியை பிடிப்பது வீம்பல்ல. 'த டைஸ் ஆர் ரோல்டு' என்று வந்தால் அந்த 'ஆர்' ஒன்றே சாட்சி, பகடை ஒன்றுக்கு மேல். அதைக் கவனிக்காத பிள்ளை 36 விளைவுகள் எழுத வேண்டிய இடத்தில் 6 எழுதிவிட்டு வரும். ஒன்று மட்டும் வேண்டாம்: 'டைசஸ்' என்று பன்மைக்கு மேல் பன்மை. அது வினைச்சொல், காய்கறியைச் சிறு சதுரக் கட்டிகளாக நறுக்குகிறாள் என்று பொருள்.

பட்டறையில் மைத்துனர் ராஜா. மரை போடும் டை, கம்பி இழுக்கும் டை, நாணயத்தின் இரு பக்கத்துக்கும் ஆளுக்கொன்றாக வைத்து அடிக்கும் டை எல்லாமே பன்மையில் எஸ்தான். எம்10 அளவில் 1.5 மி.மீ. பிட்ச் (மரைகளுக்கு இடையிலான தூரம்) டை இரண்டு வேண்டும் என்று ஆர்டர் எழுதுகிறவர் சி-ஈ போட்டால் கடைக்காரர் புரிந்துகொண்டு அனுப்பிவிடுவார். தாளில் இருப்பது என்னவோ பகடை. சிப் துறைக்காரர்களிடம் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தட்டிலிருந்து அறுத்தெடுக்கும் ஒவ்வொரு சில்லும் அவர்களுக்கு 'டை'. பன்மைக்குச் சி-ஈயும் எழுதுவார்கள், எஸ்ஸும் எழுதுவார்கள், ஒன்றும் சேர்க்காமல் விடுவதும் உண்டு. (திருப்பூரின் சாய 'டை' டி-ஒய்-ஈ. அதை இதில் கலக்க வேண்டாம்.)

நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களும் சறுக்குவது 'த டை இஸ் காஸ்ட்' என்ற தொடரில். 'டை'யையும் 'காஸ்ட்'டையும் பக்கத்தில் பார்த்ததும் ஃபவுண்டரி ஞாபகம் வந்து 'அச்சு வார்க்கப்பட்டது' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். கி.மு. 49இல் ரூபிகான் ஆற்றைப் படையோடு கடக்கும்போது ஜூலியஸ் சீசர் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்தது இது. அங்கே நடப்பது சூதாட்டம். 'காஸ்ட்' என்றால் எறிவது. பகடையை உருட்டியாயிற்று, இனி விழுந்ததுதான் கணக்கு என்கிறார். உங்கள் மைத்துனர் இதைத் தன் தொழிலுக்கான வாசகம் என்று பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருந்தால், பக்கத்தில் ஒரு பகடையையும் வரைந்துவிடச் சொல்லுங்கள்.