கன்னே போரை மேசையில் ஆட எந்த விதிநூல்?

கேள்வி: நானும் என் அண்ணனும் பண்டைக்காலப் போர்களை மினியேச்சர் வீரர்களை வைத்து விளையாடத் தொடங்கப் போகிறோம். 15 மி.மீ. அளவில் ரோமர் படையும் கார்த்தேஜ் படையும் வாங்கியாயிற்று. பக்கத்துக்கு நூறு உருவங்கள். பாதிக்கு வண்ணம் பூசிவிட்டோம், இன்னும் பேஸில் (உருவங்களை ஒட்டும் சிறு அடித்தட்டு) ஒட்டவில்லை. மேசை 120க்கு 90 செ.மீ. ஒரு ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியும். டி.பி.ஏ., ஹெயில் சீசர், டு தி ஸ்ட்ராங்கெஸ்ட், சாகா என்று நான்கு விதிநூல்களின் பெயரைக் கேள்விப்பட்டோம். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமரைச் சுற்றிவளைத்து வென்ற கன்னே போரை என்றாவது ஒரு நாள் ஆட வேண்டும் என்பது எங்கள் ஆசை. எதை வாங்குவது?

பதில்: இன்னும் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. பசையை இன்னும் இரண்டு வாரம் தொடாதீர்கள். என் முதல் படையை நான் அவசரப்பட்டு ஒட்டிவிட்டு, பிறகு விதிநூலை மாற்றியபோது கத்தியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. கணுக்கால் உடைந்த வீரர்கள் இன்றும் ஒரு பெட்டியில் கிடக்கிறார்கள்.

புதிதாக வருபவர்கள் விதிநூலைப் புரட்டியதும் பார்ப்பது படைப்பட்டியலைத்தான். எத்தனை வகை வீரர்கள், எத்தனை ஆயுதங்கள், கேடயத்துக்கு எத்தனை புள்ளி என்று. நான் முதலில் பார்ப்பது வேறு. இந்த விதிநூல் தளபதியின் கையை எங்கே கட்டிப்போடுகிறது? பண்டைக்காலப் போரில் தளபதிக்குப் பெரிய முடிவுகள் எல்லாம் அம்பு பறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். யாரை நடுவில் நிறுத்துவது, யாரை ஓரத்தில் வைப்பது, யாரைக் கையிருப்பில் வைப்பது என்பதெல்லாம் அப்போதே தீர்மானமாகிவிடும். வரிசைகள் மோதிய பிறகு அவர் குரல் எட்டும் தூரம் குறைவு. கி.மு. 217இல் ராஃபியா போரில் செலூசிட் அரசர் மூன்றாம் அந்தியோகஸ் தன் பக்கத்துக் குதிரைப்படையோடு எதிரியின் ஓரத்தை உடைத்துவிட்டுத் துரத்திக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தபோது நடுவில் அவருடைய படை தோற்றிருந்தது. எல்லாப் பிரிவையும் ஒவ்வொரு முறையும் நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம் என்று ஒரு விதிநூல் சொன்னால் அங்கே ராஃபியா நடக்கவே நடக்காது. அது சதுரங்கம். நல்ல ஆட்டம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

இந்தக் கண்ணோடு உங்கள் நான்கையும் பார்ப்போம்.

சாகாவை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அது 2011இல் வந்தது, விறுவிறுப்பான ஆட்டம், ஆனால் சிறு கூட்டங்களின் மோதலுக்காக எழுதப்பட்டது. ஒரு புள்ளிக்கு நான்கு மெய்க்காவலர், அல்லது எட்டு வீரர், அல்லது பன்னிரண்டு சாதாரண ஆள் என்று சேர்த்து, ஆறு புள்ளியில் ஒரு படை. உருவங்களைத் தனித்தனியாக எடுத்து அகற்றுவதால் ஒவ்வொன்றுக்கும் தனி பேஸ் வேண்டும். கன்னேயில் ரோமர் பக்கம் மட்டும் 80,000 காலாட்கள் நின்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். அந்தக் கூட்டத்தை இதில் காட்ட முடியாது.

அடுத்து டி.பி.ஏ. (De Bellis Antiquitatis). ஃபில் பார்க்கர் முதலானோர் எழுதி 1990இல் வந்தது. இப்போது புழக்கத்தில் இருக்கும் 3.0 பதிப்பு 2014இல் வெளியானது. எந்தப் படையானாலும் 12 பேஸ்தான். 15 மி.மீ. உருவங்களுக்கு 60 செ.மீ. சதுரக் களமே போதும். ஒரு முறைக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். வந்த எண் எத்தனையோ அத்தனை தனி பேஸ்களை, அல்லது ஒட்டி நிற்கும் குழுக்களை, நகர்த்தலாம். தளபதியை விட்டு வெகுதூரம் போன பிரிவுக்குக் கூடுதல் பகடைப் புள்ளி செலவாகும். ஒன்று விழுந்தால் ஒரே ஒரு கட்டளைதான். இடது ஓரத்தில் குதிரைகள் தவித்துக்கொண்டிருக்கும், நடுவில் வரிசை வளைந்துகொண்டிருக்கும், எதைக் காப்பாற்றுவது? இந்த ஒரு பகடைக்குள் பண்டைக்காலத் தளபதியின் பாடு முழுக்க அடங்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது பழசாகவில்லை.

சண்டையும் எளிது. இருவரும் பகடை உருட்டிப் படைவகைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். குறைந்தவர் பொதுவாகப் பின்வாங்குவார். எதிரியின் எண்ணில் பாதியோ அதற்கும் கீழோ என்றால் பெரும்பாலும் அழிவு. பின்வாங்க வேண்டிய நேரத்தில் விலாப்புறத்தில் எதிரி தொட்டுக்கொண்டிருந்தால் அங்கேயே காலி. நான்கு பேஸ் போனால் ஆட்டம் முடிந்தது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், உங்கள் நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடலாம்.

குறைகளும் உண்டு. ஃபில் பார்க்கரின் நடை மிகச் சுருக்கமானது. ஒரு வாக்கியத்தை மூன்று தடவை படித்தால்தான் பிடிபடும். மில்லிமீட்டர் கணக்கில் பேஸ்கள் தொடுகின்றனவா இல்லையா என்ற வாக்குவாதமும் வரும். அண்ணன் தம்பிக்குள் அது நல்லதல்ல. இன்னொன்று, இரு தரப்புக்கும் 12 பேஸ்தான் என்பதால் எண்ணிக்கையில் மிஞ்சிய ஒரு படையை இங்கே காட்ட வழியில்லை. பக்கத்துக்கு 36 பேஸ் வைத்து ஆடும் பெரிய வடிவம் இருக்கிறது, ஆனால் அதற்கு உங்கள் உருவங்கள் போதாது.

ஹெயில் சீசர் ரிக் பிரீஸ்ட்லி எழுதி 2011இல் வந்தது. கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இந்த லீஜன் முன்னேறி அந்தக் குன்றைப் பிடிக்கட்டும்." (லீஜன் என்றால் ரோமரின் பெரிய படைப்பிரிவு.) பிறகு இரண்டு பகடை. தளபதியின் மதிப்பு சாதாரணமாக 8. அதைத் தாண்டிவிட்டால் யாரும் அசைவதில்லை. எவ்வளவு கீழே வருகிறதோ அதற்கேற்ப ஒன்று முதல் மூன்று நகர்வு வரை கிடைக்கும். இரண்டு ஆறு விழுந்தால் கட்டளையே தவறாகப் புரிந்துகொள்ளப்படும். நான்கைந்து பேர் கூடி, பெரிய மேசையைச் சுற்றி நின்று ஆடும்போது இதற்கு இணை இல்லை. இருவர் மட்டும், சின்ன மேசை என்றால் இதன் அழகு பாதிதான் தெரியும். தூரங்களைப் பாதியாக்கி ஆடலாம், ஆனால் முதல் விதிநூலாக நான் சொல்ல மாட்டேன்.

டு தி ஸ்ட்ராங்கெஸ்ட் சைமன் மில்லர் எழுதியது, 2014. அரசை யாருக்கு விட்டுச் செல்கிறீர்கள் என்று கேட்டபோது மரணப்படுக்கையில் அலெக்சாண்டர் சொன்னதாக வழங்கும் பதில்தான் இதன் பெயர்: வலிமை மிக்கவனுக்கு. களம் முழுக்கக் கட்டங்கள். அளவுகோலே வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். பகடைக்குப் பதில் படச்சீட்டுகளை நீக்கிய சீட்டுக்கட்டு. ஒரு பிரிவை நகர்த்தச் சீட்டு எடுக்கிறீர்கள். ஏஸ் வந்தால் தோல்வி. அதே பிரிவை அதே முறையில் மறுபடி நகர்த்த வேண்டுமென்றால் முந்தைய சீட்டைவிடப் பெரியது வர வேண்டும். தவறினால் அந்தத் தளபதியின் கீழுள்ள பிரிவுகள் எல்லாம் அந்த முறைக்கு நின்றுவிடும். முதல் சீட்டே ஒன்பது வந்த பிறகு இன்னொன்று எடுப்பதா, வேறு பிரிவுக்குப் போவதா? டி.பி.ஏ.யின் பகடை கொடுக்கும் அதே நெருக்கடிதான், ஆனால் இங்கே அதை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் மேசை இதற்கு வாகாக அமைந்திருக்கிறது. 10 செ.மீ. கட்டம் போட்டால் 12க்கு 9 கட்டம் வரும், 12க்கு 8 போதும்.

இனி கன்னே. கி.மு. 216. ஹன்னிபால் கவுல், ஸ்பானிய வீரர்களை நடுவில் முன்னோக்கி வளைத்து நிறுத்தி, அவர்களின் இருபுறமும் ஆப்பிரிக்கக் காலாட்படையை வைத்தார். நடு வரிசை மெல்ல மெல்லப் பின்வாங்க, ரோமர் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஓரங்களில் ஆப்பிரிக்கர் உள்நோக்கித் திரும்பினார்கள். ரோமக் குதிரைப்படையை முறித்த ஹன்னிபாலின் குதிரைப்படைத் தலைவர் ஹாஸ்ட்ரூபல் சுற்றிவந்து முதுகில் இறங்கினார். நான் எந்தப் புது விதிநூல் கைக்கு வந்தாலும் இந்தப் போரை வைத்துத்தான் சோதிப்பேன். வெள்ளை அட்டையில் 40 மி.மீ. அகலத் துண்டுகளை வெட்டி, மேலே பெயர் எழுதி, ஒரு மாலை முழுக்க நகர்த்திப் பார்ப்பேன். நடு வரிசை உடையாமல் பின்வாங்க வழி இருக்கிறதா? வென்ற குதிரைப்படை திரும்பி வருவது அரிதாகவும், அதே சமயம் முடியக்கூடியதாகவும் இருக்கிறதா? ரோமரின் பெரும்படை நெருக்கத்தால் சுமையாக மாறுகிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் போதும். மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் விதிநூலை நான் இதுவரை பார்த்ததில்லை.

சரி, என் முடிவு இது. இப்போது டி.பி.ஏ. 3.0 வாங்குங்கள். இருவரும் ஒரே பதிப்பை வைத்திருங்கள், பதிப்புக்குப் பதிப்பு விதி மாறும். பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடிய பிறகு கன்னேக்காக டு தி ஸ்ட்ராங்கெஸ்டுக்குப் போங்கள். அதற்காக எதையும் பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. டி.பி.ஏ. கணக்கில் எல்லாவற்றையும் 40 மி.மீ. அகலப் பேஸில் ஒட்டுங்கள். லீஜன் வீரர்கள் 15 மி.மீ. ஆழத்தில் நான்கு பேர், ஈட்டி எறியும் இலகு வீரர்கள் 20 மி.மீ. ஆழத்தில் இருவர், ரோமக் குதிரைகள் 30 மி.மீ. ஆழத்தில் மூன்று, கார்த்தேஜ் பக்கத்து வட ஆப்பிரிக்க இலகு குதிரைகளான நுமிடியக் குதிரைகள் அதே ஆழத்தில் இரண்டு. யானைக்கு 40க்கு 40. பேஸின் அடியில் காந்தத் தாளை ஒட்டிவிட்டால், இரண்டு பேஸை 80 மி.மீ. இரும்புத் தகட்டில் பக்கம் பக்கமாக வைத்து ஒரே பிரிவாக்கலாம். அது 10 செ.மீ. கட்டத்துக்குள் தாராளமாக அடங்கும்.

ஒட்டும்போது நுமிடியக் குதிரைகளிலிருந்து தொடங்குங்கள். என்னைப் போல முதலில் அட்டைத் துண்டுகளோடு ஆடிப் பார்த்தாலே தெரிந்துவிடும், களத்தில் அதிகம் கைபடுவது அவைதான். அப்புறம் கன்னேக்கு யானை வேண்டாம், அங்கே ஹன்னிபாலிடம் யானை இல்லை. வாங்கி வைத்திருந்தால், ஹன்னிபால் யானைகளோடு வந்து தோற்ற ஜாமா போருக்கு எடுத்து வையுங்கள்.