பழைய போல்ட் ரைபிள் வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

ஆவணி வந்தால் திருகோணமலை நிரம்பிவிடும். டொரோண்டோ, மொன்றியல் பிள்ளைகள் எல்லாம் விடுமுறைக்கு வந்து இறங்குவார்கள். நான் 27 வருஷம் ஒன்ராறியோவில் இருந்தவன். அதில் பதினொரு குளிர்காலம் ஒரு துவக்குக் கடையின் திருத்த மேசையில் வேலை. இப்போது உவர்மலையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்த முறை வந்தவர்களில் சிலர் கனடாவில் மான் வேட்டைக்குப் பழகுகிறார்களாம். கேட்டவற்றையும் சொன்னவற்றையும் எழுதி வைக்கிறேன். துவக்குக் கதை என்றதும் ஊர்க்காரரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மாமா, இதுதான் எனக்கு முதல் ரைபிள். புதுசு எடுக்கவா, பழசு எடுக்கவா? (ஸ்கார்பரோத் தம்பி)

பழசு எடு. வேட்டைத் துவக்கு அதிகம் சுடப்படுவதில்லை. இருபது ரவைப் பெட்டி ஒன்றை இரண்டு மூன்று பருவத்துக்கு வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். .308 என்ற ரவை அளவுக்குச் செய்த குழல் ஒன்றை ஒழுங்காக வைத்திருந்தால் சில ஆயிரம் ரவைக்குத் தாங்கும். அதனால் நாற்பது வயதுத் துவக்கு என்றாலும் குழல் பாதிகூடத் தேய்ந்திருக்காது. துவக்கைத் தின்பது துருதான். ஈரக் காட்டில் இருந்து வந்து உறையோடு அலுமாரியில் வைத்தால் ஒரு குளிர்காலம் போதும். டச்பே பக்கத்து வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பாய்தானே, அதே கதி.

கடையில் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அண்ணை?

முதலில் துவக்கு வெறுமையா என்று பார். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்தாலும் நீயும் பார். பிறகு கேட்டுவிட்டு, ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டைக் கழற்று. வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் குழலுக்குள் ஓட்டச் சொல்லு, ஏனென்றால் எண்ணெய் பூசின குழல் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். துணி செம்மண் நிறத்தில் வந்தால் உள்ளே துரு. பிறகு பின்பக்கத்தில் சின்ன டோர்ச் ஒன்றைப் பிடித்து வாய்ப்பக்கமாகப் பார். ரைஃப்ளிங் என்கிற சுழல் கோடுகள் விளிம்பு கூர்மையாக, கடைசிவரை ஓட வேண்டும். எங்காவது வளையம்போல ஒரு கறுப்பு நிழல் நின்றால் அந்த இடத்தில் குழல் வீங்கியிருக்கிறது. அடைப்போடு யாரோ சுட்டிருக்கிறார்கள். அதை வைத்துவிட்டு வா, பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

அப்புறம் குழலின் வாய் விளிம்பு. பஞ்சுக் குச்சியால் சுற்றித் தடவு. நூல் பிடித்து இழுபட்டால் அங்கே பிசிர் இருக்கிறது. சன்னம் கடைசியாகத் தொட்டுப் போகிற இடம் அது, அங்கே கோணல் என்றால் குறியும் கோணல். இது திருத்தக்கூடியதுதான், ஆனால் விலையில் பேச வேண்டும்.

போல்ட்டின் முன்னால் இருக்கிற பூட்டுக் காதுகள் இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார். ஒன்று மட்டும் மினுங்கினால் பாரம் முழுவதும் அதன் தலையில் விழுகிறது.

குழலைத் தாங்கித் தோளில் முட்டுகிற கட்டையை மறக்காதே. மேலே உள்ள கீறல்கள் பிரச்சினையே இல்லை, காட்டுக்குப் போன சாமான் அப்படித்தான் இருக்கும். கைப்பிடி மெலிகிற இடத்திலும் இரும்பின் வால் மரத்தில் இறங்குகிற இடத்திலும் மயிரிழை வெடிப்பு இருந்தால்தான் கவனம். திருகாணித் தலை கடிபட்டிருந்தால் தெரியாத கை ஒன்று திறந்து பார்த்திருக்கிறது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு நோட்டை விட்டு இழுத்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. என் பர்ஸில் எப்போதும் கிடந்த பழைய இருபது ரூபாய்த் தாள் அதற்குத்தான் பயன்பட்டது! தடங்கல் இல்லாமல் ஓடினால் நல்லது. சில பழைய துவக்குகளை வேண்டுமென்றே குழல் கட்டையைத் தொடும்படி செய்திருப்பார்கள், அதனால் தாள் நின்றுவிட்டது என்பதற்காகவே தள்ளிவிடாதே.

புதிதாகக் கறுப்பு மெருகு போட்டுப் பளபளக்கிற பழசைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மலிவாக .303 கிடைக்கிறது, எடுக்கலாமா?

பழைய பட்டாளத்துத் துவக்கான லீ-என்ஃபீல்டைத்தானே கேட்கிறாய். நல்ல துவக்கு. டொரோண்டோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்ச் என்ற இடத்திலேயே 1941 முதல் செய்தார்கள். கனடாவின் வடக்கு ரேஞ்சர்கள் கிட்டத்தட்ட எழுபது வருஷம் அதைத்தான் தூக்கித் திரிந்தார்கள். இப்போது அவர்களிடம் இருப்பது டிக்கா டி3எக்ஸ் என்ற ரைபிளின் அடிப்படையில் செய்தது.

ஆனால் என் கதையைக் கேள். எனக்கும் முதல் துவக்கு அதுதான், பட்டாளத்துக் கட்டையை அறுத்து வேட்டைக்கு ஏற்ற மாதிரி மாற்றின லீ-என்ஃபீல்ட் நம்பர் 4. வால்நட் மரத்தைக் கண்டு மயங்கிவிட்டேன். போல்ட்டில் ஒரு இலக்கம், உடலில் வேறு இலக்கம். பார்த்தேன், ஆனால் விற்றவர் ‘இதெல்லாம் சகஜம்’ என்றதும் தலையாட்டிவிட்டேன். முதல் இரண்டு ரவையின் வெற்றுக் கோதுகளில் அடிப்பக்கமாக ஒரு மினுங்கல் வளையம் இருந்தது. அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாவது ரவைக்குக் கோது இரண்டாக உடைந்து, முன்பாதி உள்ளேயே சிக்கிக்கொண்டது, புகை முகத்தில் அடித்தது. கண்ணில் கண்ணாடி போட்டிருந்ததால் இன்று உன்னைப் பார்த்துக் கதைக்கிறேன்.

காரணம் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்தில் இருந்து, ரவையை மேலும் முன்னே போகவிடாமல் குழல் நிறுத்துகிற இடம்வரை உள்ள தூரம். அது கூடினால் கோது பின்னுக்கு இழுபட்டுக் கிழியும். அளப்பதற்கு ‘கோ’, ‘நோ-கோ’ என்று இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு, கன்ஸ்மித், அதாவது துவக்குத் திருத்துகிறவர், ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார். நம்பர் 4 போல்ட்டின் தலை தனியாகக் கழலும், 0 முதல் 3 வரை அளவு இருக்கிறது. அதனால் திருத்தவும் வழி உண்டு. இலக்கம் பொருந்தாத எந்தப் போல்ட் துவக்கையும் அளக்காமல் சுடாதே.

இன்னொன்று. ‘டிபி’ (DP) என்று அடித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கிய துவக்கு. சுவரில் மாட்டு, சுடாதே. பழைய பட்டாளத்து ரவைகள் பலவற்றில், மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரால் சுட்ட பிறகு குழலில் உப்பு மிஞ்சும், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். சுட்ட அன்றைக்கே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும்.

ரெமிங்டன் 700 பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

1962 முதல் வருகிற துவக்கு, குறி பார்ப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2006 முதல் 2014 ஏப்ரல் வரை செய்த எக்ஸ்-மார்க் புரோ விசை சிலவற்றில், விசையைத் தொடாமலே வெடிக்கும் ஆபத்து இருப்பதாகக் கம்பனியே 2014இல் திரும்ப அழைத்தது. அந்தக் காலத்து 700 என்றால் விசை மாற்றப்பட்டதா என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் விடு. எந்தத் துவக்கிலும் இந்தச் சோதனையைச் செய்: வெறுமையாக, அனுமதியோடு, போல்ட்டை ஏற்றி மூடு. சேஃப்டி போட்டு விசையை அழுத்திவிடு. பிறகு சேஃப்டியை எடு. ‘கிளிக்’ என்று விழுந்தால் அந்தத் துவக்கை அங்கேயே வை.

எந்த ரவை அளவு நல்லது?

இதற்கு இரவு முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். மானுக்கு .308, .30-06, .270 எல்லாம் ஒன்றுதான். உன் ஊர்க் கடைத் தட்டில் எப்போதும் கிடப்பது எதுவோ அதை எடு.

நான் உயரம் குறைவு, இடக்கை வேறு. எனக்குச் சரிவருமா, அங்கிள்? (மொன்றியல் பிள்ளை)

ஏன் சரிவராது, பிள்ளை? .243 எடுங்கள், தோளில் அடி குறைவு, மானுக்குப் போதும். துவக்கைத் தோளில் வைத்ததும் கன்னம் தானாகக் கட்டையில் விழுந்து, கண் ஸ்கோப்புக்கு நேராக வர வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் கட்டை நீளம். மரக்கட்டை என்றால் அறுத்துக் குறுக்கலாம். இடக்கைப் போல்ட் சாவேஜ், டிக்கா, ரெமிங்டன் மூன்றிலும் வந்திருக்கிறது, பழசில் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். துவக்கோடு சேர்த்துத் தருகிற மலிவு ஸ்கோப்புக்கு ஒரு சதமும் மதிப்புப் போடாதீர்கள்.

தெரிந்தவரிடம் வாங்கினால் பேப்பர் வேண்டாம்தானே?

வேண்டும். கனடாவில் பாதுகாப்புப் பாடநெறி முடித்து ‘பால்’ (PAL) என்கிற துவக்கு உரிமம் எடுத்திருக்க வேண்டும். 2022 மே 18 முதல், சாதாரண வேட்டை ரைபிள் கைமாறுவதற்கும் விற்கிறவர் உன் உரிமத்தைச் சரிபார்த்து ஒரு குறிப்பு இலக்கம் எடுக்க வேண்டும். சித்தப்பா விற்றாலும் அப்படித்தான். வேட்டை உரிமம் வேறு, அதை மாகாணம் தரும்.

ஐயா, எனக்குத் தம்பலகாமத்தில் வயல். பன்றி விடுகுதில்லை. இப்படி ஒரு ரைபிள் இங்கே எடுக்கலாமா?

இந்தக் கதை இங்கே செல்லாது, தம்பி. இங்கே துவக்குகளை ஆள்வது 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம். பயிர்க்காவலுக்கு அனுமதி கேட்பதென்றால் ஷொட்கன்தான், மாவட்டச் செயலகம் வழியாகத்தான். அனுமதிப்பத்திரத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ‘மலிவாக ஒன்று இருக்கு’ என்று யாராவது காதில் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வரம்பில் துவக்கைக் கட்டி வைக்கிற வேலையும் வேண்டாம், விடியப் புல்லு வெட்டப் போகிற உங்கள் மனுசிக்கே அது வெடிக்கும்.

கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்து வளர்ந்தவர் நீங்கள். எப்படி மனசு வந்தது? (என் பேத்தி)

முதல் வருஷம் வரவில்லை. மான் முன்னால் வந்து நின்றது, கோணேசர் கோயில் வழியில் நிற்கிற புள்ளிமான்தான் கண்ணுக்குள் வந்தது. துவக்கைத் தாழ்த்திவிட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் சுட்டேன். இறைச்சியை வீணாக்கவில்லை. அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, குஞ்சு.

அந்த உடைந்த .303 என்ன ஆயிற்று?

கன்ஸ்மித் பெரிய தலை ஒன்றைப் பூட்டி அளவைச் சரிசெய்தார். இரண்டு பருவம் அதோடுதான் காட்டுக்குப் போனேன். பிறகு விற்கும்போது நடந்ததைச் சொல்லி, பழைய போல்ட் தலையையும் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தேன். வாங்க வந்தவர் கேட்டுவிட்டு ஐம்பது டொலர் குறைத்தார். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டேன்.