முனியம்மாவை விடுங்கள், துரை வீட்டைத் தேடுங்கள்

கேள்வி: என் பாட்டியின் பாட்டி முனியம்மா, மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தவர். 1900 வாக்கில் அவர்களோடு கப்பலேறி லண்டன் போய் வந்தாராம். துரையின் குடும்பப் பெயர் மட்டும் தெரியும். பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் கிடைப்பாரா?

பதில்: கிடைக்கலாம், ஆனால் நம்மூர்க் கணக்கெடுப்பில் அல்ல. வெள்ளையர் காலத்தில் இங்கே வீடு வீடாக எழுதிய தாள்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. மிஞ்சியவை மொத்தக் கணக்குகள்தான். இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரை ஆள் ஆளாகப் பெயர் எழுதிய ஏடுகள் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியவை 1891, 1901, 1911.

தேடல் பெட்டியில் 'முனியம்மா' என்று போட்டால் அநேகமாக ஒன்றும் வராது. எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். அதைவிட மோசம், பெயரே இல்லாமல் வெறும் 'ஆயா' என்று எழுதிவிடுவார்கள். சில இடங்களில் அதன் பின்னால் துரையின் குடும்பப் பெயரை ஒட்டிவிடுவார்கள். எனவே பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, பிறந்த இடம் 'மெட்ராஸ்' அல்லது 'இந்தியா', தொழில் 'ஆயா' அல்லது 'நர்ஸ்' என்று கொடுத்துப் பாருங்கள்.

அதிலும் சிக்கவில்லையென்றால் துரை வீட்டைப் பிடியுங்கள். மெட்ராஸிலோ ஊட்டியிலோ பிறந்த குழந்தைகள் உள்ள குடும்பமா என்று பாருங்கள். ஞானஸ்நானப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. குழந்தைகளின் பெயர், தேதி அதில் கிடைக்கும். அப்புறம் அந்த வீட்டுக்குரிய ஏட்டுப் பக்கத்தைத் திறந்து கீழே வாருங்கள். குடும்பத்தலைவர், மனைவி, பிள்ளைகள், மாமியார், சமையற்காரி... கடைசி வரிகளில் ஒன்று இப்படி இருக்கலாம்: 'ஆயா, வேலையாள், விதவை, 35, மெட்ராஸ்'.

இணையத்தில் தட்டச்சு செய்து தந்திருக்கும் பட்டியலோடு நின்றுவிடாமல் ஏட்டின் மூலப் படத்தையும் பாருங்கள். 1901 வரை நாம் பார்ப்பது கணக்கெடுப்பவர் ஏட்டில் எடுத்தெழுதிய நகல். 1911-இல் வீட்டுக்காரர் நிரப்பிய தாளே இருக்கிறது. துரையின் கையெழுத்தில் உங்கள் பாட்டி இருப்பார்.

ஒன்றை மறக்காதீர்கள், கணக்கெடுப்பு ஒரே இரவைத்தான் பிடிக்கும். 1901-இல் அது மார்ச் 31. அன்றிரவு அவர் நடுக்கடலிலோ மெட்ராஸிலோ இருந்திருந்தால் ஏட்டில் இருக்கமாட்டார். பல ஆயாக்கள் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, திரும்பிவர வேறொரு குடும்பத்துக்காகக் காத்திருந்தவர்கள். அப்படித் தங்கியவர்களுக்கு லண்டன் ஹாக்னியில், கிங் எட்வர்ட் சாலை 26-ஆம் எண்ணில் 'ஆயாக்கள் இல்லம்' என்றே ஒன்று 1900 முதல் இருந்தது. அந்த முகவரியையும் 1901, 1911 ஏடுகளில் பாருங்கள்.

அங்கும் இல்லையென்றால் கப்பல் பயணிகள் பட்டியல். பிரிட்டனுக்கு வந்தவை 1878 முதலும் கிளம்பியவை 1890 முதலும் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிலும் துரைசாணி பெயரில்தான் தேட வேண்டும். 'திருமதி இன்னார், இரண்டு குழந்தைகள், ஆயா' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.